மங்கோலியாவுக்குப் போகும் பெட்டி

தொம்மென்று வாசலில் ஏதோ விழுந்தது; கூடவே மண்தொட்டி உடைந்த சத்தம். ரெஜினா மடித்துக்கொண்டிருந்த கம்பளி உள்சட்டையைக் கட்டில்மேல் வீசிவிட்டு வெளியே ஓடினாள்.

கூரியர்க்காரர் கேட்டைத் திறக்கச் சோம்பல்பட்டு, முழங்கால் உயர அட்டைப்பெட்டி ஒன்றை மதில்மேல் தூக்கி உள்ளே தள்ளியிருந்தார். அது நேராகக் கறிவேப்பிலைத் தொட்டியின்மேல் விழுந்து, தொட்டி இரண்டாகப் பிளந்து, பெட்டியின் ஒரு மூலையும் கிழிந்துபோயிருந்தது. மன்னிப்புக் கேட்கவேண்டிய மனிதர், "தொட்டிய இன்னா மேடம் இங்க வெச்சிகினு கீறீங்க" என்று அவளையே அதட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார்.

பெட்டிமேல் சாலமோன் என்று பெயர் ஒட்டியிருந்தது. காலை ஆறரை மணிக்குக் கிளம்பும்போதே சாலமோன் சொல்லிவிட்டுத்தான் போனார். ஒரு பார்சல் வரும், பிரிக்காதே, மாடிப்படிக்கு அடியில் அப்படியே தள்ளி வை, நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று. இருபது வருடக் குடித்தனத்தில் அவர் பிரிக்காதே என்று சொன்ன முதல் பார்சல் அது. ரெஜினாவும் பிரித்திருக்கமாட்டாள். ஆனால் கிழிந்த மூலை வழியே வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்த்தது. பிளாஸ்டிக். பார்த்தவுடனே இன்னதென்று தெரிந்துவிடுகிற ஒரு வளைவு.

பெட்டியை உள்ளே இழுத்துவந்து, கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒட்டுத்தாளைக் கிழித்தாள். மடக்கிப் பிரிக்கிற கழிப்பறை இருக்கை ஒன்று. அதன் அடியில் கட்டுவதற்கு அறுபது கறுப்புப் பைகள். நாற்றம் போக்கும் தூள் இரண்டு டப்பா. கைப்பிடி மடங்கும் குட்டி மண்வெட்டி. ஒரு ஆள் உள்ளே போய் உட்காருகிற அளவுக்குப் பச்சைக் கூடாரம். எல்லாவற்றுக்கும் அடியில் முழங்கைவரை வரும் ரப்பர் கையுறை.

கையுறை ஒரே ஒரு ஜோடி.

மலத்தைக் கண்டு மூக்கைப் பொத்துகிற ஆள் இல்லை ரெஜினா. மதுராந்தகத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினேழு வருடமாக டெக்னீஷியன். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிறவர்கள் தைல டப்பாவிலும் தீப்பெட்டியிலும் கொண்டுவந்து நீட்டுவதை வாங்கி, கண்ணாடித் துண்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, புழு உண்டா இல்லையா என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கையைக் கழுவிப் பத்து மணிக்கு இட்லி சாப்பிடுகிறவள். உனக்கெல்லாம் எப்படித்தான் தொண்டையில் இறங்குகிறதோ என்று அக்கா கேட்டால், "பீ பொய் சொல்லாதுக்கா, மனுசன்தான் சொல்லுவான்" என்பாள்.

ஆகவே பெட்டிக்குள் இருந்த சாமான் எதுவும் அவளுக்குக் குமட்டவில்லை. பெட்டியின்மேல் ஒட்டியிருந்த பெயர்தான் குமட்டியது.

விஷயம் இதுதான். 'அலைவழி ரைடர்ஸ்' என்று ஒரு மோட்டார் சைக்கிள் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் வரிசையாகப் போய், எங்காவது நிறுத்தி நாஸ்தா சாப்பிட்டு, வண்டிகளோடு போட்டோ எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறவர்கள். பல் டாக்டர், வங்கி மேலாளர், ரிசார்ட் முதலாளி என்று எல்லாம் வசதியானவர்கள். மறைமலை நகர்ப் பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசரான சாலமோன் நான்கு வருடத்துக்கு முன்னால் அதில் சேர்ந்தார். இந்த வருடம் கூட்டம் வெளிநாடு போகிறது. மங்கோலியா. எட்டுப் பேர், பத்து நாள். விமானத்தில் போய், அங்கே வண்டியை வாடகைக்கு எடுத்து, புல்வெளியில் ஓட்டி, கூடாரத்தில் தங்குவது. திங்கட்கிழமை விடிகாலை விமானம். இன்று சனிக்கிழமை, நெம்மேலியில் தலைவர் டாக்டர் புருஷோத்தமனின் கடற்கரை வீட்டில் மூட்டை பார்க்கும் நாள். எட்டுப் பேரும் தங்கள் சாமானைத் தரையில் பரப்பி, எடை போட்டு, பொதுச் சாமானை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொள்வார்கள். சாலமோனும் தன் பைகளோடு அங்கேதான் போயிருந்தார். நேற்று காயாமல் நின்றுவிட்ட உள்ளாடைகள் மட்டும் வீட்டில் பாக்கி.

சொல்லப்போனால் இந்த வீட்டில் அருவருப்பு பத்து நாளாகவே சட்டமாகக் குடியிருந்தது. செங்கல்பட்டு ஜூன் வெயிலில், மின்விசிறி நின்று நின்று சுற்றும் அறையில், ரெஜினா வியர்க்க வியர்க்கக் கம்பளிக் காலுறை மடித்தாள். செயினுக்கு அடிக்கும் எண்ணெய் வாடை, புது ரப்பர் வாடை, பையின் பிளாஸ்டிக் வாடை. இவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது அந்த ஜாக்கெட். தனக்குச் சின்னதாகிவிட்டது என்று டாக்டர் கொடுத்த பழைய ரைடிங் ஜாக்கெட். சோடா உப்பு, எலுமிச்சைச் சாறு, மூன்று துவைப்பு, நான்கு வெயில் ஆகியும், அக்குள் பக்கத்தை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனால் ஒரு பல் டாக்டரின் பத்து வருட வியர்வை எழுந்து நின்று வணக்கம் சொன்னது. புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்றாள். ஆசையாகக் கொடுத்ததை வேண்டாமென்றால் தப்பாக நினைப்பார்கள் என்றார் சாலமோன்.

தப்பாக நினைப்பார்கள். அவருடைய நான்கு வருட ரைடர் வாழ்க்கை இந்த ஒரு வார்த்தைக்கு அடியில்தான் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக் கடையில் எல்லோரும் உட்கார்ந்தபிறகு உட்காருவார். போட்டோவில் ஓரத்தில் நிற்பார். பாதி நாள் போட்டோ எடுப்பதே அவராக இருக்கும்.

அப்படியும் ரெஜினா வாயைத் திறக்காமல் மடித்து மடித்து வைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. மூன்று வருடமாக இந்தப் பயணத்துக்காக அவர் லீவு சேர்த்தார், ஓவர்டைம் பார்த்தார். சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே மங்கோலியா வீடியோ பார்ப்பார். ஒருநாள் அவளையும் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினார். பச்சைப் புல், நடுவே ஒரு மண்தடம், அதற்கு மேல் வானம். வேறொன்றும் இல்லை. இதைப் பார்க்கவா அவ்வளவு தூரம் என்று அவள் கேட்டதற்கு அவர் சொன்னார்: "வேலியே கெடையாது ரெஜி. எங்க வேணா வண்டிய நிறுத்திக் கூடாரம் போடலாம். யாரக் கேட்டு உள்ள வந்தன்னு கேக்க ஆளு கெடையாது."

அச்சரப்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் அவருடைய அப்பாவும் தாத்தாவும் காலமெல்லாம் நடவு நட்டது அடுத்தவர் நிலத்தில். குறுக்கு வழி என்று ஒரு வரப்பில் நடந்துவிட்டாலும் கேட்க ஆள் வந்துவிடும். ஆகவே ரெஜினா அதற்குமேல் கேள்வி கேட்கவில்லை. போய்ட்டு வாங்க என்றாள்.

இப்போது கூடத்தில் பரப்பிக் கிடந்த சாமானைப் பார்த்தபோது அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. மூட்டைக்கான பட்டியல் என்று சாலமோன் அவளிடம் கொடுத்தது ஒரே ஒரு தாள். துணிமணி மட்டும். தாளின் மேல்மூலையில் நான்கில் ஒன்று என்று அச்சாகியிருந்ததை அவள் அன்றைக்கே கவனித்திருந்தாள். மீதி மூன்று? சாலமோன் எதை எங்கே வைப்பார் என்று அவளுக்குத் தெரியும். டிவி மேசை இழுப்பறையில் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தோடு பிளாஸ்டிக் உறையில் இருந்தது.

மூன்றாம் பக்கம், பொறுப்புகள். யாரோ கம்ப்யூட்டரில் கட்டம் கட்டி வண்ணம் அடித்துப் போட்டிருந்தார்கள். மருந்துப் பெட்டி, டாக்டர் புருஷோத்தமன். பஞ்சர் சாமான், கருவிகள், உவைஸ். மளிகை, அன்பரசி. பிறகு சமையல் அட்டவணை, நாளுக்கு இரண்டு பேராகச் சுழற்சி. பாத்திரம் கழுவுவதும் அப்படியே.

லேபில் எட்டுப் பேருக்கு டியூட்டி சார்ட் போடுகிறவள் ரெஜினாதான். ஒரு அட்டவணையைப் பார்த்தால் அவள் கண் தானாக எண்ணும். எண்ணினாள். சமையலில் ஏழு பெயர் சுற்றிச் சுற்றி வந்தது. பாத்திரத்திலும் அதே ஏழு. எட்டாவது பெயர் பக்கத்தின் அடியில், மஞ்சள் கட்டத்தில் தனியாக இருந்தது. 'டாய்லெட் (அமைத்தல், சுத்தம் செய்தல், அப்புறப்படுத்தல்): சாலமோன். எல்லா நாளும்.'

அச்சரப்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் தாத்தா காலத்தில் மாடு செத்தால் யாருக்கு ஆள் அனுப்புவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். வந்து தூக்கிப் போட்டவரை யார் வீட்டு அடுப்பங்கரைப் பக்கம் விடுவார்கள் என்பதும் தெரியும். அந்தக் காலத்தில் இதற்குப் பட்டியல் கிடையாது, வாய்மொழிதான். இவர்கள் படித்தவர்கள். சமையலுக்குப் பச்சை, கருவிக்கு நீலம், இதற்கு மஞ்சள் என்று கலர் கொடுத்திருக்கிறார்கள்.

வாயில் புளித்த நீர் ஊறியது. எழுந்துபோய்க் கொப்பளித்துத் துப்பிவிட்டு வந்து போன் போட்டாள். ஆறு தடவை. சாலமோன் எடுக்கவில்லை.

எல்லாவற்றையும் மறுபடி பெட்டிக்குள் திணித்து, ஸ்கூட்டரின் பின்சீட்டில் வைத்துத் துணி காயப்போடும் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினாள். கட்டும்போதே முடிவு செய்துவிட்டாள். இரண்டில் ஒன்று. அந்த மஞ்சள் கட்டத்தில் எட்டுப் பேர் பெயரும் ஏறவேண்டும். இல்லையென்றால் அவர் போகக்கூடாது. விமான டிக்கெட் போனால் போகட்டும், மூன்று வருடம் போனாலும் போகட்டும்.

திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய்க் கடற்கரைச் சாலையைப் பிடிப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. வேகத்தடை வரும்போதெல்லாம் பின்னால் மண்வெட்டி இருக்கையில் மோதி 'டக்கு டக்கு' என்றது. சிக்னலில் பக்கத்தில் நின்ற ஷேர் ஆட்டோவிலிருந்து ஒரு அம்மாள் கிழிந்த மூலையை உற்றுப் பார்த்துவிட்டு, பெரியவங்க யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கரிசனமாக விசாரித்தாள். ஆமாம், ஏழு பேருக்கு என்றாள் ரெஜினா.

கடல்தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையைத் தாண்டியதும் டாக்டர் வீடு. போர்ட்டிகோவில் நீலத் தார்ப்பாய் விரித்து எட்டுக் குவியல். உருட்டிக் கட்டிய துணிப்பைகள், ஹெல்மெட்டுகள், முழங்கால் கவசங்கள், ஒரு டிரோன். நடுவில் உத்தரத்திலிருந்து கொக்கித் தராசு தொங்கியது. சாலமோன்தான் அதற்குக் கீழே மண்டியிட்டு, அடுத்தவர் பைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மாட்டி எடை சொல்லிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டு, அந்த எடையைக் கேட்டு ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டிருந்தார்கள். பையில் பொண்டாட்டியையே மடிச்சு வெச்சிட்டியா என்று யாரோ கேட்டதற்குச் சிரிப்பு.

முதலில் பார்த்தது உவைஸ். மதுராந்தகத்தில் வண்டிச் சாமான் கடை வைத்திருக்கும் பையன், முப்பது வயசு. அண்ணி வாங்க, இன்னா இவ்ளோ தூரம், சாப்பாடு ஆச்சா என்று எழுந்து வந்தான். சாலமோன் திரும்பினார். அவர் பார்வை மனைவி முகத்துக்கு வராமல், நேராக அவள் கையிலிருந்த பெட்டிக்குப் போனது.

"பிரிச்சிட்டியா" என்றார். கோபமாக அல்ல. பிடிபட்டவர் மாதிரி.

ரெஜினா தார்ப்பாயில் கால் வைத்து நடந்து, பெட்டியைக் குவியல்களுக்கு நடுவே இறக்கினாள். பக்கத்தில் அன்பரசியின் மளிகைக் குவியல்: பருப்புப் பொடி, தக்காளித் தொக்கு, டீத்தூள், அவல். வங்கி மேலாளரான அன்பரசி கூட்டத்திலேயே ஒரே பெண், நல்ல மாதிரி. அந்த நல்ல மாதிரி, பெட்டி இறங்கிய உடனே எட்டி, தொக்கு பாட்டில் இரண்டையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இன்னொருவர் அவல் பொட்டலத்தைக் காலால் நகர்த்தினார். யாரும் யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது.

"புதுசுங்க. இன்னும் ஒருத்தரும் உக்காரல" என்றாள் ரெஜினா.

அன்பரசியின் முகம் சிவந்துவிட்டது. பாட்டில்களை மறுபடி கீழே வைக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

ரெஜினா பிளாஸ்டிக் உறையிலிருந்து மூன்றாம் பக்கத்தை உருவி டாக்டரிடம் நீட்டினாள். குரலை உயர்த்தவில்லை. லேபில் ரிப்போர்ட் படித்துக் காட்டுகிற குரலிலேயே கேட்டாள். எட்டுப் பேர் போகிறீர்கள், எட்டுப் பேருக்கும் வயிறு இருக்கிறது. சமையலில் ஏழு பேர், பாத்திரத்தில் ஏழு பேர், இதற்கு மட்டும் ஒரே ஆள், அதுவும் பத்து நாளும். அந்த ஒரே ஆளுக்குச் சமையலில் பெயர் இல்லை. இது எப்படி வந்தது?

டாக்டர் புருஷோத்தமன் மோர் டம்ளரைக் கீழே வைத்தார். வலிக்காது, கொஞ்சம் வாயைத் திறங்க என்று சொல்கிற அதே இனிமையான முகம்.

"இதுல தப்பா எடுத்துக்க ஒண்ணும் இல்ல மேடம். ஹைஜீன், அவ்ளோதான். டாய்லெட் பாக்கறவர் கிச்சன்ல கை வைக்கக் கூடாது. நீங்க லேப்ல இருக்கறவங்க. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும் டாக்டர். நான் தெனம் முப்பது பேரோடத தொடறேன். கையக் கழுவிட்டு நான்தான் என் வூட்ல சமைக்கறேன். பதினேழு வருசத்துல ஒருத்தரும் சாவல. நீங்க காலைலேர்ந்து ஊரான் வாய்க்குள்ள கை வுடறீங்க. மத்தியானம் சாப்புடறதுக்கு வேற கையா வெச்சிருக்கீங்க?"

உவைஸ் சிரித்துவிட்டான். சிரித்தது தான் மட்டும்தான் என்று தெரிந்ததும் மோரைக் குடிக்கிற மாதிரி டம்ளரைத் தூக்கிக்கொண்டான்.

ரெஜினா கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். சண்டை போட வரவில்லை என்றாள். நாள் பத்து, ஆள் எட்டு. சமையல் மாதிரியே இதையும் சுழற்சியில் போட்டுக்கொள்ளுங்கள், என் வீட்டுக்காரர் பெயரைச் சமையலில் சேருங்கள், நான் கும்பிட்டுவிட்டுக் கிளம்புகிறேன். முதல் நாள் யார் என்று சொல்லுங்கள், நானே எழுதிக்கொள்கிறேன்.

மூடியைக் கழற்றிய பேனாவோடு காத்திருந்தாள்.

ஒருவர் போனை எடுத்து அவசரமாகத் தேடினார். ஒருவர் கடலைப் பார்த்தார். ரிசார்ட் முதலாளி எழுந்துபோய் வாசலில் நின்ற தன் வண்டியின் டயரை அழுத்திப் பார்த்தார். அந்த வண்டி மங்கோலியாவுக்குப் போகப்போவதே இல்லை.  லேபில் கெட்டுப்போன மாதிரிகளைத் திறக்கும்போது ஒரு வாடை வரும். முதலில் தித்திப்பாக இருக்கும், பிறகுதான் குடலைப் பிடுங்கும். ரெஜினாவுக்கு அந்த நேரத்தில் அப்படித்தான் இருந்தது.

"நான் எழுதிக்கறேன் அண்ணி. மொத மூணு நாள் என் பேரப் போடுங்க" என்றான் உவைஸ்.

அவன் பெயரை எழுதினாள். வேறு பெயர் வரவில்லை. சாலமோன் தராசுக் கொக்கியைப் பிடித்துக்கொண்டு, விடும்மா, போதும் வா, நான் அப்புறம் சொல்கிறேன் என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. அவரைத் திட்டினால் இவர்களுக்குச் சௌகரியமாகிவிடும்.

டாக்டருக்கு இப்போது இனிமை குறைந்துவிட்டது.

"மேடம், நீங்க எங்களை என்னமோ மாதிரி பேசறீங்க. சாலமோன் எங்க ஃப்ரெண்டு. அவர் பேரை நாங்க யாரும் போடல. அவரே கேட்டு வாங்கினார். நீங்களே கேளுங்க."

ரெஜினா சிரித்தாள். யாராவது இதைக் கேட்டு வாங்குவார்களா டாக்டர், ஒரு அளவு வேண்டாமா என்றாள். டாக்டர் உவைஸைப் பார்த்தார். உவைஸ் தயங்கினான். பிறகு தன் போனில் அவர்களுடைய வாட்ஸாப் குழுவைத் திறந்து, விரலால் பின்னோக்கித் தள்ளித் தள்ளி பிப்ரவரி மாதத்துக்குப் போய், அவளிடம் கொடுத்தான்.

சாலமோன் அனுப்பியதுதான். காலை ஒன்பது பன்னிரண்டு. 'டாய்லெட் டியூட்டி பத்து நாளும் நானே பார்த்துக்கறேன். சமையல் லிஸ்டில் என் பெயர் வேண்டாம்.'

அதற்குக் கீழே கட்டைவிரல்கள். ஏழு. முதல் விரல் ஒன்பது பன்னிரண்டுக்கே வந்துவிட்டது, கடைசி விரல் ஒன்பது பதினாறுக்கு. உவைஸின் விரலும் அதில் இருந்தது. டாக்டர் மட்டும் விரலோடு நிறுத்தாமல், 'தேங்க்ஸ் புரோ, பெரிய மனசு' என்று எழுதி ஒரு இதயமும் போட்டிருந்தார்.

ரெஜினா இன்னும் கொஞ்சம் மேலே தள்ளிப் பார்த்தாள். முந்தின நாள் முழுக்க எந்த டீத்தூள் கொண்டுபோவது என்று சண்டை. அறுபதுக்கு மேல் செய்திகள். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு குழுவைவிட்டு வெளியேறி, சமாதானம் செய்து திரும்பவும் சேர்க்கப்பட்டிருந்தார்கள். இந்த விஷயத்தில் நான்கே நிமிடம். ஏன் சாலமோன், நீ எதுக்கு, வேணாம் என்று ஒரு விரல், ஒரு எழுத்து இல்லை.

போனை உவைஸிடம் திருப்பிக் கொடுத்தாள். கொடுத்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். துடைத்தது அவளுக்கே அப்புறம்தான் தெரிந்தது. உவைஸ் அதைப் பார்த்துவிட்டான். தலையைக் குனிந்துகொண்டான்.

பேனாவை மூடிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். அன்பரசி பின்னாலேயே எழுந்து, ரெஜினா ஒரு நிமிஷம், எங்களுக்கு இது தோணவே இல்லை என்றாள். தொக்கு பாட்டில் இன்னும் அவள் கையிலேயே இருந்தது. தோணவே இல்லதான், அதுதான் எனக்கு வயித்தப் பொரட்டுது என்று சொல்லிவிட்டு ரெஜினா செருப்பை மாட்டினாள்.

வாசலில் எட்டு வண்டியும் வரிசையாக நின்றன. சாலமோனுடைய வண்டி கடைசியில், மதில் நிழலுக்கு வெளியே, வெயிலில். அவர் அவள் பின்னாலேயே வந்து அதன்மேல் கை வைத்து நின்றார். சீட் சுட்டிருக்கும். கையை எடுக்கவில்லை. உப்புக்காற்றில் அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எடை போட்டுப் போட்டு உள்ளங்கை இரண்டும் கொக்கியின் துருவில் பழுப்பாகியிருந்தன.

ரெஜினாவுக்கு இவ்வளவு நேரம் மற்றவர்கள்மேல் இருந்த அருவருப்பு வெள்ளமாகத் திரும்பி இவர் பக்கம் வந்தது. வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டாள். இதற்காகவா மூன்று வருடம் ஓவர்டைம் பார்த்தீர்கள். ஒரு பல் டாக்டருக்குக் குண்டி கழுவிவிட மங்கோலியா வரைக்கும் போகவேண்டுமா, இங்கேயே செய்யலாமே, டிக்கெட் மிச்சம். நம் பெண் ஜெனிட்டா காலேஜில் எங்கப்பா மங்கோலியா போறார் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அவளுக்கு இந்த மஞ்சள் கட்டத்தைக் காட்டட்டுமா. வாங்க வீட்டுக்கு. பைகளை எடுத்துக்கொண்டு இப்போதே வாங்க. நாம் இரண்டு பேரும் சேர்ந்து எங்காவது போவோம், எனக்கு ஒரு டாய்லெட்டும் வேண்டாம், நான் புதருக்குப் பின்னால் போய்க்கொள்கிறேன்.

கடைசி வாக்கியத்தில் அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. அது சிரிப்பாக முடியவில்லை.

அவள் பேசி ஓய்ந்தாள். உள்ளே மறுபடி தராசுக் கொக்கி அசைந்து கிறீச்சிட்டது. யாரோ எடை போட ஆரம்பித்திருந்தார்கள். இருபத்திரண்டரை என்று ஒரு குரல். நாற்காலி இழுபடும் சத்தம்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஒங்கள யாராவது கேட்டாங்களா? ஒருத்தராவது வாயத் தொறந்து, சாலமோன், இத நீ செய்யின்னு கேட்டாங்களா? அப்புறம் ஏன்?"

சாலமோன் சூடான சீட்டிலிருந்து கையை எடுத்தார். சாலைக்கு அந்தப் பக்கம் காய்ந்து கிடந்த சவுக்குத் தோப்பையும் அதைச் சுற்றியிருந்த முள்வேலியையும் பார்த்தார்.

"அவங்க கேட்டிருந்தா என்னால போயிருக்க முடியாது ரெஜி. அதான் கேக்கறதுக்குள்ள நானே கேட்டு வாங்கிகினேன்."